வரப்பு போடுவதற்கு முன் மட்டம் பாருங்கள்

[காட்சி: தர்மபுரிப் பக்கம் ஒரு செம்மண் மேட்டுக்காடு. மழை விட்டுப் பத்து நிமிடம் ஆகிறது. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது.]

இந்த ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் போகிறது, பாருங்கள். அந்த நிறம் முழுக்க மேலே இருக்கும் காட்டின் மேல்மண். போன வாரம் கொட்டிய எருவும் அதோடு சேர்ந்துதான் போகிறது.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று லோடு போக மிச்சமும் இருக்கும். மானாவாரிக்காரருக்கு இதை விடுவதற்கு மனசு வருமா?

சரி, இந்தத் தண்ணீரையும் மண்ணையும் வரப்பு போட்டு நிறுத்த யாரிடம் போவது? வேளாண்மைப் பொறியியல் துறை. டிராக்டர், புல்டோசரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அலுவலகம் என்றுதான் பலருக்கும் தெரியும். மண் வரப்பு, பண்ணைக்குட்டை, தடுப்பணை எல்லாமே அவர்கள் வேலைதான். சிட்டா, அடங்கல், புல வரைபடம், சிறு குறு விவசாயி என்றால் வட்டாட்சியர் சான்று, இவற்றோடு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். மானியம் வருஷத்துக்கு வருஷம் மாறும். நேரில் கேட்பதே நல்லது.

ஆனால் மனு எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது.

[காட்சி: இரண்டு பேர், இரண்டு குச்சிகள், நடுவே தண்ணீர் நிரப்பிய டியூப்.]

மேஸ்திரி வைத்திருக்கும் அதே டியூப் லெவல்தான். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. ஒருவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மற்றவர் இருபது அடி தள்ளிப் போய், மேலும் கீழும் நகர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு குச்சியிலும் தண்ணீர் ஒரே குறியில் நிற்கிறதா? அந்த இடத்தில் ஒரு பிடி சுண்ணாம்பு. இப்படியே காட்டைக் கடந்தால் கோடு நேராக வராது, பாம்பு போல வளைந்து வரும். வளையட்டும், வரப்பு அதன் மேல்தான் வர வேண்டும். பார்க்க அழகாக இருக்கும் என்று நேராகப் போட்டால் தண்ணீர் பள்ளமான மூலையில் போய்த் தேங்கி, அங்கேயே உடைக்கும்.

எங்கள் காட்டிலும் வரப்பு உடைந்தது, ஆனால் காரணம் வேறு. கோடு சரியாக இருந்தும், மிச்சத் தண்ணீர் வெளியேற வழி விடவில்லை. ஒரே ராத்திரி மழையில் வரப்பும் போச்சு, கீழே இருந்த நிலக்கடலையும் போச்சு. இப்போது அந்த இடத்தில் கல் அடுக்கி வடிகால் விட்டிருக்கிறோம்.

பண்ணைக்குட்டை வெட்டினால், தண்ணீர் நுழையும் வாயில் ஒரு சின்னக் குழி போடுங்கள். வண்டல் அங்கே படியும், குட்டை தூராது. செம்மண் குட்டையில் தண்ணீர் நிற்கவில்லையே என்று கவலை வேண்டாம். உள்ளே இறங்குவது பக்கத்துக் கிணற்றுக்குத்தான்.

ஏற்கெனவே போன மண்ணுக்கு என்ன வழி? ஏரி வண்டல். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், மண்ணுக்குக் காசு கிடையாது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. அடிப்பதற்கு முன் ஒரு கைப்பிடியை மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், சில ஏரி வண்டலில் உப்பு இருக்கும்.

[காட்சி: சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் புல்டோசர் வந்து நிற்கிறது.]

அப்புறம், சுண்ணாம்புக் கோட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். வண்டி வந்த பிறகு டியூபைத் தேடினால், அந்த நேரத்துக்கும் வாடகை ஓடும்.