கல்லைப் பார்க்கப் போகிறோம், ஆமாம்!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ஆர்க்டிக் போனால் கப்பலில் சுற்றுவதா, ஒரே முகாமில் தங்குவதா என்பது கேள்வி. நான் தங்குகிற கட்சி.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். “நாங்கள் பத்து நாளில் பத்துத் தீவு பார்ப்போம், அக்காவின் அணி பத்து நாளும் ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்” என்றார். நல்ல கைதட்டு. சரி தம்பி, அந்தக் கல்லைப் பற்றியே பேசுவோம்.

கனடாவின் வடக்கே, நுனாவுட் ஆட்சிப்பகுதியில் சமர்செட் தீவு. அதன் வடகரையில் கன்னிங்ஹாம் குடா. மரம் மட்டை இல்லாத நிலம், ஒரு முகாம். கோடை வந்தால் அந்த ஆற்று முகத்துக்கு நூற்றுக்கணக்கில் பெலூகா திமிங்கிலங்கள் வரும். எதற்கு? கல்லுக்குத்தான் தம்பி! ஆழமில்லாத, கடலைவிடச் சற்று வெதுவெதுப்பான நீரில் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பழைய தோலை உரிக்கும். உரித்தால் வெள்ளை வெளேர். சாம்பல் நிறக் குட்டிகள் தாயை ஒட்டியபடியே திரியும். வற்றுப்பெருக்குப் பார்த்து வரும், போகும். உங்கள் கப்பல் நிற்கிற இரண்டு மணி நேரத்தில் மூடுபனி இறங்கினால் என்ன பார்ப்பீர்கள்? முகாமில் இருப்பவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காத்திருப்பார். யூலையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை, அவசரம் யாருக்கு?

இன்னும் தம்பி சிரிக்கிறார். அப்படியென்றால் ஒரு கதை கேளுங்கோ.

1845. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி சர் ஜோன் பிராங்ளின் இரண்டு கப்பலோடு புறப்பட்டார். நீராவி எந்திரம், தகரத்தில் அடைத்த உணவு, ஆயிரத்துக்கு மேல் புத்தகம். கனடாவின் வடதீவுகளுக்கு ஊடாக அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிற வடமேற்குக் கடல்வழியைக் கடந்து மறுபக்கம் சேர வேண்டும். கிங் வில்லியம் தீவுக்குப் பக்கத்தில் பனி பிடித்துக்கொண்டது. 129 பேர். ஒருவரும் வீடு திரும்பவில்லை.

1903. அதே தீவுக்கு நோர்வேயிலிருந்து அமுண்ட்சன் என்ற துருவப் பயணி வந்தார். ஹெரிங் மீன் பிடித்த பழைய படகு, துணைக்கு ஆறு பேர். முன்னால் கடல் திறந்து கிடக்கிறது, ஓடியிருக்கலாம். நங்கூரம் போட்டார்! எத்தனை நாள் இருந்தார்? தம்பி சொல்லுங்கோ. பத்து நாளா? ஒரு மாதமா? இரண்டு வருசம், ஐயா, கிட்டத்தட்ட இரண்டு வருசம்! திசைகாட்டி முள் காட்டுகிற வட காந்த முனையை ஆராய வந்தவர், அந்தப் பனிநிலத்தின் பூர்வகுடிகளான நெற்சிலிக் இனூயிட் மக்களிடம் மாணவராக இருந்தார். கரிபூ என்ற பனிமானின் தோலில் உள்ளாடையின் மயிர் உடம்பைப் பார்க்க வேண்டும், மேலாடையின் மயிர் வெளியே பார்க்க வேண்டும், வியர்வை தங்காமல் தளர்வாக இருக்க வேண்டும். இதைப் புத்தகமா சொல்லிக் கொடுக்கும்? வடமேற்கு வழியைக் கடல்வழியே முழுக்கக் கடந்த முதல் படகு அதுதான். 1911 டிசம்பரில் தென்துருவத்தில் முதலில் நின்றவரும் அவரே, தோலாடையோடும் நாய் வண்டியோடும்!

பிராங்ளினின் ஆட்களும் பனியில் வருசக்கணக்கில் இருந்தார்களே என்று தம்பி எழும்புவார். இருந்தார்கள், கப்பலுக்குள் இருந்தார்கள். அமுண்ட்சன் சனத்தோடு இருந்தார்.

பிராங்ளினின் அந்தக் கப்பல்கள் எங்கே போயின என்று இனூயிட் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். அமுண்ட்சன் நங்கூரம் போட்ட இடத்திலுள்ள ஜோஆ ஹேவன் ஊரில் லூயி கமூகாக் என்ற சிறுவன் பூட்டியிடம் அந்தக் கதை கேட்டான். வளர்ந்த பிறகும் கிழவர் கிழவிகளிடம் போய்ப் போய்க் கேட்டுக் குறித்தார். 2014-இல் பிராங்ளினின் எரிபஸ் கப்பல் இனூயிட் சொன்ன பக்கத்திலேயே கிடைத்தது.

இந்த ரொறன்ரோ மண்டபத்தில் எத்தனை பேர் ஊருக்குப் போய் வந்தீர்கள்? இரண்டு கிழமை லீவு. நல்லூர், கீரிமலை, நயினாதீவு, திருகோணமலை, கண்டி என்று வான் பிடித்து ஓட்டம். அப்பம்மா விறாந்தையில் இருந்தா. “நாளைக்கு வாறம் அப்பம்மா.” மற்ற நாளும் அதே பேச்சு. கிணறு வெட்டின கதை, இடம்பெயர்ந்த இரவு, எந்தப் பெட்டியில் தாலிக்கொடி போனது, எல்லாம் அவவிடம்தான் இருந்தது. யார் இருந்து கேட்டது? கையில் ஒரு பை முறுக்கைத் திணித்து, படலை மட்டும் வந்து, வான் திரும்புமட்டும் நின்றாவே!

தம்பி, உங்கட அப்பம்மா இருக்கிறா என்று மேடைக்குப் பின்னால் சொன்னீர்கள். இந்த முறை வான்காரரைக் கூப்பிடாதேங்கோ. டிக்கெட்டை நீட்டிப் போடுங்கோ. அவ கதைக்கட்டும்.

நடுவர் மணி அடிக்கிறார். வணக்கம்.