எந்தக் கோயில் மொட்டை?

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றி முடித்தவர்கள் இருக்கிறீர்கள், பாதியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். நான் முக்கியமாகப் பேச வந்திருப்பது உங்கள் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டு மனிதர்களிடம். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது கீமோவுக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு எட்டு முறையும் கூடப் போனேன்.

21 நாளைக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். அந்தச் சுற்றுக்குப் பெயர் சைக்கிள். இரண்டாவது முடிந்து வந்த அன்று, மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்க நின்றுவிட்டாள் அக்கா. “எட்டு சைக்கிள் குடுத்திருக்காங்கடா, ஒண்ணுலகூடக் காத்து இல்ல” என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம். அவளுக்கு நோய் வந்த பிறகு நாங்கள் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து அடிக்கிறது. புற்றுநோய் செல் அப்படிப் பெருகும். முடியின் வேரும் வாயின் உள்தோலும் அப்படித்தான். அதனால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. அக்காவுக்கு முதல் மருந்து ஏறிய 17-ஆம் நாள் தலையணையெல்லாம் முடி. மிச்சத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். மெஷினை நான்தான் பிடித்தேன். முடியும்வரை அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

இரண்டாவது சைக்கிள் முடிந்து சில நாள் கழித்து, தெருமுனை மளிகைக் கடையில் அண்ணாச்சி வெள்ளந்தியாகக் கேட்டார்: “என்னம்மா, மொட்டை திருப்பதியா, பழனியா?”

“அடையாறு, அண்ணாச்சி.”

அவருக்குப் புரிந்தது. கையிலிருந்த பொட்டலத்தை மடிக்கக்கூட மறந்து நின்றார். அக்கா வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

சரி, சிரிப்புதான் மருந்து போலிருக்கிறது என்று நான் நினைத்துவிட்டேன். மூன்றாவது சைக்கிள் முடிந்த மூன்றாம் நாள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம் போய் ஏதோ ஜோக் சொன்னேன். திரும்பாமலே, “இன்னைக்கு வேண்டாம்டா” என்றாள். அவ்வளவுதான். மோர் சாதம் ஆறிப்போய்க் கிடந்தது. வாய்ப்புண்ணில் அவளால் உப்பைக்கூடத் தாங்க முடியவில்லை. அது தெரியாமல் நான் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலையாள நடிகர் இன்னொசென்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012-இல் அவருக்குப் புற்றுநோய் வந்தது, அப்புறம் அவர் மனைவிக்கும். அந்த நாட்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஒரு புத்தகமே எழுதினார். 2014-இல் சாலக்குடியில் ஜெயித்து எம்.பி. ஆனார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வாழ்நாளெல்லாம் நகைச்சுவையில் புழங்கியவர் அவர். அவரைக் காட்டி, “பாருங்க, அவரே சிரிச்சாரே” என்று வலியில் கிடப்பவரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கட்டியைக் கரைப்பது மருந்து. சிரித்தால் நோய் போய்விடும் என்று நாம் சொல்லிவைத்தால், நாளைக்கு ஸ்கேனில் ஏதாவது தெரியும்போது, தான் சரியாகச் சிரிக்காததால்தான் இப்படி என்று அவர்கள் நினைப்பார்கள். அந்தப் பாரத்தை நாம் ஏற்ற வேண்டாம். அவர்கள் ஒரு ஜோக் சொன்னால், “ஐயோ, அப்படியெல்லாம் பேசாதே” என்று வாயைப் பொத்தாமல் கூடச் சேர்ந்து சிரியுங்கள். அன்று படியில் சிரித்தபோது, பள்ளிக்கூட வாத்தியார்களையெல்லாம் நடித்துக் காட்டும் என் பழைய அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

கீமோ முடிந்து முடி சுருட்டையாக முளைத்தது. சிலருக்கு அப்படி வரும். அக்காவுக்கு முன்பு நீளமான, நேரான முடி. அண்ணாச்சி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “முடி நல்லாருக்கும்மா. எந்தப் பார்லர்?”

“அதே அடையாறுதான், அண்ணாச்சி.”

இந்த முறை அவரும் சிரித்தார்.