வாத்துக்குஞ்சு புரூடர் ஏன் எப்போதும் நனைந்தே கிடக்கிறது?

(காட்சி: உமி பரப்பிய புரூடர். தண்ணீர்க் குவளையைச் சுற்றிக் கறுத்த ஈரத் திட்டு.)

வணக்கம். குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் கூண்டான புரூடரில் காலையில் புது உமி போட்டிருப்பீர்கள், சாயங்காலம் பார்த்தால் குவளையைச் சுற்றிச் சேறு. கோழிக்குஞ்சு வளர்த்துப் பழகியவர்களை வாத்துக்குஞ்சு திணறடிப்பது இந்த இடத்தில்தான்.

(குளோசப்: குஞ்சின் அலகு.)

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு வாய் தீவனம் எடுக்கிறது, உடனே தண்ணீருக்கு ஓடுகிறது, அலகை முக்கி அலசுகிறது, தலையை ஓர் உதறு உதறுகிறது. மறுபடி தீவனம். நாள் முழுக்க இதே வேலை. போதாததற்கு எச்சத்திலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அலசாவிட்டால் தீவன மாவு மூக்குத் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரைக் குறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் இருந்தாக வேண்டும்.

சரி, தினமும் உமி மாற்றலாமா? மாற்றலாம், உமி வாங்கியே ஓய்ந்துபோவீர்கள். முதலில் மாற்ற வேண்டியது குவளை இருக்கும் இடத்தை.

(காட்சி: டிரே, அதன் மேல் வலைச் சட்டம், அதன் மேல் குவளை.)

ஓர் அகலமான டிரே, அதன் மேல் சட்டம் அடித்த அரை அங்குலக் கம்பிவலை, அதற்கு மேல் குவளை. சிந்துவதெல்லாம் டிரேக்குள் போய்விடும். காலையும் மாலையும் கொட்டிக் கழுவினால் போதும். வலையின் வெட்டு முனைகளை மடக்கிவிடுங்கள், சவ்வுக்கால் கிழியும். ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை வையுங்கள். தீவனத் தட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். தள்ளி வைத்தால் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும்.

சூடு தரும் பல்பு குவளைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். முதல் வாரம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சூடான பல்பில் தண்ணீர் தெறித்தால் கண்ணாடி வெடித்துவிடும், தெறிக்காத உயரத்தில் கட்டுங்கள்.

குவளையில் மூக்குத் துவாரம் முங்கும் ஆழம் வேண்டும், ஆனால் குஞ்சு உள்ளே இறங்கக் கூடாது. இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்குத் தாய் வாத்தின் இறகு எண்ணெய் ஒட்டியிருக்காது. நனைந்தால் ரோமம் உடம்போடு ஒட்டிக் குளிரில் விறைத்துப்போகும். நீச்சல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

(காட்சி: கையில் அள்ளிய உமி.)

ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்த பிறகும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரி. அப்படியே குனிந்து, குஞ்சின் தலை உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் அது ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு. நின்றுகொண்டு மோந்தால் தெரியாது.

ஈரத்தின் மேலேயே புது உமியைத் தூவி மூடுகிறவர்களும் உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடியில் பல்புச் சூட்டில் பூஞ்சை பிடிக்கும். அதன் வித்துகள் நுரையீரலில் இறங்கினால் குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அந்த நிலையில் மருந்தை நம்பிப் பெரிய பயனில்லை. நனைந்து பூசணம் பிடித்த தீவனம் அதைவிட மோசம். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. ஈரத் திட்டை அடியோடு அள்ளுங்கள், தரை காய்ந்த பிறகு புதுசு போடுங்கள். அள்ளியதை எருக்குழியில் தள்ளிவிடலாம்.

செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள். நனைந்தால் வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். முதல் சில நாளுக்குக் காய்ந்த சணல் சாக்கு போதும்.