அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். நமக்கு அப்புறம், மாற்றுத்திறனாளியான இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை இல்லாத பெற்றோர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். பல வீடுகளில் அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கிறது: வீட்டையும் பணத்தையும் பெரியவன் பேருக்கு எழுதிவிடலாம், தம்பியை அவன் கைவிட மாட்டான். பெரியவன் நல்லவன்தான். ஆனால் அவன் பேருக்கு எழுதிய சொத்து அவனுடைய சொத்து; தொழில் நொடித்தால் கடன்காரர் அதில் கை வைக்கலாம், நாளைக்கு அவனுக்கு ஒன்று ஆனால் அவன் மனைவி மக்களுக்குப் போகும், தம்பிக்கும் பங்கு உண்டு என்று காட்ட ஒரு காகிதம் இருக்காது.

சரி, பிள்ளை பேருக்கே எழுதினால்? 18 வயது முடிந்துவிட்டால் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்ற தாய்க்கே தானாக வராது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு இருந்தால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான கமிட்டியிடம் காப்பாளர் நியமனம் வாங்கலாம். மனநோய்க்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிக்க வழி இருந்தது, 2017-இல் வந்த புதிய மனநலச் சட்டத்தில் அதுவும் இல்லை. அந்தக் குடும்பங்கள் படும் பாடு பெரிது.

அதனால்தான் டிரஸ்ட் எழுதுங்கள் என்கிறேன். அதாவது, பிள்ளையின் நலனுக்காக மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று சொத்தை டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. வீடு, நிலம் சேர்ப்பதாக இருந்தால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், உயில் மூலமாகவும் ஏற்படுத்தலாம். டிரஸ்டி அந்தப் பணத்தைத் தன் லாபத்துக்குத் தொடக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும், தவறினால் கோர்ட் அவரை நீக்கி வேறு ஆளைப் போடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பிள்ளையோடு இருந்து பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், பணத்தை வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். ஒரே கையில் இரண்டும் இருந்தால் கேட்க நாதி இருக்காது. டிரஸ்டிகளில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும், ஒருவராவது உங்களைவிட இருபது வயது இளையவராக இருக்கட்டும், அவருக்குப் பிறகு யார் என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், வக்கீல் கேட்காத ஒரு கடிதமும் வேண்டும். வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு, இடி இடித்தால் எந்த அறைக்குள் போய் உட்காருவான், சட்டைக் காலரில் லேபிள் இருந்தால் ஏன் கழற்றி எறிகிறான், இதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். எழுதி டிரஸ்டிகளிடம் ஒரு பிரதி கொடுங்கள், மாத்திரை மாறும்போதெல்லாம் திருத்திக் கொடுங்கள்.