குழம்பில் உப்பு போட்டது ஞாபகம் இருக்கிறது

(ராயபுரத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியது)

அம்மாக்களே, அக்காக்களே,

விடியும் முன்பே காசிமேட்டு மீன் ஏலத்தில் நின்றுவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் பலர். பெண்களின் குடியைப் பற்றித்தான் பேச வந்தேன், நீட்டி முழக்க மாட்டேன்.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் குடிப்பதாக இருக்கிறது. இரண்டாவது எண் மேல் எனக்குச் சந்தேகம். நோட்டோடு ஒருவர் வாசலில் நிற்க, மாமியார் பின்னால் நிற்க, எந்தப் பெண் "ஆமா, குடிக்கிறேன்" என்பாள்? புருஷன் குடித்தால் தெருவுக்கே தெரியும். பெண் குடித்தால் "பித்தம், தலைசுத்தல்" என்று வீடே மூடிவிடும். உடம்பு மூடாது. பெண்ணுடம்பில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு சரக்கு அவள் ரத்தத்தில் கூடுதலாக ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், கதை பாட்டிலில் தொடங்குவது அபூர்வம். அடி உதை. சின்ன வயதில் சொந்தக்காரர் ஒருவர் செய்த கொடுமை. 2004 டிசம்பர் 26-இல் வந்த கடல். தூக்கம் வராத ராத்திரிக்கு மருந்தாகத்தான் முதல் மடக்கு. குடியை மட்டும் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் அந்த ராத்திரி திரும்பி வருகிறது. அதற்கும் சேர்த்து வைத்தியம் வேண்டும்.

இன்னொன்று. தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் போடுங்கள், காசு கிடையாது.

டெடெஸ்கி, கால்ஹூன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். பேரிடி விழுந்தவர்களில் சிலர் பிறகு முன்பில்லாத விதத்தில் வளர்கிறார்கள் என்று கவனித்து, 1996-இல் அதை அளக்க 21 கேள்விகள் வெளியிட்டார்கள். வளர்ச்சி அடியிலிருந்து வருவதில்லை, அடிக்குப் பின் நடக்கும் மல்லுக்கட்டிலிருந்து வருகிறது என்பது அவர்கள் வாதம். வலியும் கூடவேதான் இருக்கும். ஆகவே "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நல்லதுக்கு இல்லை.

அந்தக் கேள்விகளை நம் பேச்சில் மாற்றி, குடியை நிறுத்தியிருந்த, மீன் விற்கும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "முன்னவிட இப்ப வாழ்க்கையோட அருமை தெரியுதாக்கா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் தெரியாது கண்ணு. கொழம்புல உப்பு போட்டேனா இல்லியான்னு இப்ப ஞாபகம் இருக்குது." ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் அவருக்கு இன்றும் உடம்பு வெடவெடக்கும். முன்பு கை பாட்டிலைத் தேடும். இப்போது போனைத் தேடுகிறது, குழுவில் இருக்கும் இன்னொரு அக்காவுக்கு. எத்தனை மணியானாலும் அவர் எடுத்துப் பேசுவார்.

போன ஆடியில் மறுபடி குடித்துவிட்டார். முன்பெல்லாம் அப்படி நடந்தால் மூன்று வாரம் தலைகாட்ட மாட்டார். இந்த முறை மறுநாளே தலைகூட வாராமல் வந்து உட்கார்ந்து, "நேத்து குடிச்சிட்டேன்" என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். டீ கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்: "இன்னாடி இது, சக்கரையே போடல?"