450 ரூபாய்க் கத்தரிக்கோல்

வணக்கம் மக்களே! தகரத்தில் மழை கொட்டுகிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பாருங்கள். முனை வளைந்த குட்டிக் கத்தரிக்கோல். என் வயிற்றில் மலம் சேரும் பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் பிளேட்டில் ஓட்டை வெட்டத்தான் இது. ஃபாமசியில் 1,850 ரூபாய் கேட்டார்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதைக் கடையில் 600. நான் பேசாமல் இரண்டு அடி நகர்ந்தேன். "சரி தங்கச்சி, 450" என்றார். அவர் கூப்பிட்டிருக்காவிட்டால் நானே திரும்பிப் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

போன வீடியோவில் தோல் எரிகிறது என்று அழுதேனே? பையைத் திட்டினேன், அம்மாவின் மீன் குழம்பைக்கூட விடவில்லை. கடைசியில் குற்றவாளி நான்தான். ஆபரேஷன் முடிந்த புதிதில் ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் குடல் முனை, வீங்கியிருக்கும், ஆறு எட்டு வாரத்தில் சுருங்கும். எனக்கு 34 மில்லிமீட்டர் 27 ஆகிவிட்டது. நானோ வாட்டில் நர்ஸ் மிஸ் வரைந்து தந்த பழைய அளவு அட்டையை வைத்தே பிளேட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டைக்கும் ஸ்டோமாவுக்கும் நடுவே தெரியும் வெறும் தோலில் மலம் பட்டால் விடுமா? இப்போது அளந்து, ஸ்டோமாவை விட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுகிறேன். பழைய நேர்க் கத்தரியில் வட்டம் வெட்டினால் எட்டு மூலை வரும்!

அட, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு இலியோஸ்டமி. சிறுகுடலின் முனையை வலது அடிவயிற்றில் வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள். கருத்துப்போனால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பெருங்குடல் வேலை செய்யாததால் தண்ணீரும் உப்பும் பைக்குள் போய்விடும். அதனால் பை அளவுக்கு மீறி நிரம்பும் நாளில் ஜீவனி, அதாவது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், குடிக்கிறேன். வாயில் வைக்க முடியாத சுவை, ஆனாலும் வெறும் தேத்தண்ணி போதாது.

இந்தக் குளிரில் பிளேட் விறைத்துவிடும். ஒட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் கக்கத்தில் வைத்துச் சூடாக்குங்கள். ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! வெட்டிய விளிம்பை விரலால் தடவி மழுங்கச் செய்யுங்கள். கூராக இருந்தால் ஸ்டோமாவைக் கீறும், வலிக்காததால் தெரியவே தெரியாது.

மாமி "எப்போ மலைக்கு வருவ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாமி, தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கினால் ஹெர்னியா, அதாவது குடல் பிதுக்கம், வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினால் பையும் நசுங்கும். இப்போதைக்கு இல்லை.

அப்புறம் தம்பி, நேற்று இதில் மீசை வெட்டியது நீதான் என்று தெரியும். அந்தக் கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது, 600 சொல்வார், நகர்ந்துவிடு.