உலகத்துலயே நீளமான ரயில் பாதை இங்கதான் இருந்துச்சு! அப்புறம் ஏன் பின்தங்கினாங்க?

1833-ல உலகத்துலயே நீளமான ரயில் பாதை எங்க இருந்துச்சு? இங்கிலாந்துல இல்ல. நியூயார்க், பாஸ்டன் பக்கமும் இல்ல. அமெரிக்காவோட தெற்குல, பருத்தியும் அடிமை முறையும் கோலோச்சின தென் கரோலினாவுல! சார்ல்ஸ்டன்ங்கிற துறைமுக ஊர்ல ஆரம்பிச்சு ஹாம்பர்க்ங்கிற சின்ன ஊர் வரைக்கும் 136 மைல். 1830-ல திறந்த லிவர்பூல்-மான்செஸ்டர் பாதையே 31 மைல்தான். இவ்வளவு சீக்கிரம் ரயிலைப் பிடிச்ச பகுதி, அடுத்த 30 வருஷத்துல தொழில்ல வடக்கை நெருங்கக்கூட முடியல. "தெற்குல ரயில் இல்ல, அதான் காரணம்"னு எங்கயாவது படிச்சிருந்தா, இந்த வீடியோவை முழுசா பாருங்க.

பின்னணி, ரெண்டே வரி. 1790-ல சாமுவேல் ஸ்லேட்டர் ரோட் ஐலண்ட்ல தண்ணி விசையில ஓடுற நூற்பு எந்திரத்தை ஓட்டிக் காட்டினார், வடக்கு ஆலைப் பக்கம் போச்சு. 1794-ல எலி விட்னி பஞ்சுல இருந்து கொட்டையைப் பிரிக்கிற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார், தெற்கு மொத்தமா பருத்தியில இறங்கிடுச்சு.

இப்ப ரயிலுக்கு வருவோம். சார்ல்ஸ்டன் வியாபாரிங்களுக்கு ஒரே கவலை. உள்நாட்டுல விளையிற பருத்தி எல்லாம் சவானா ஆத்துல படகேறி, பக்கத்து ஜார்ஜியாவுல இருக்கிற சவானா துறைமுகத்துக்குப் போயிடுது. அதை வழியிலயே மடக்கி நம்ம ஊருக்குத் திருப்பணும். ஆத்தங்கரையில இருக்கிற ஹாம்பர்க்குக்குப் பாதை போட்டதே அதுக்குத்தான்.

எஞ்சின் பேரு 'பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்'. செஞ்சது நியூயார்க்ல, கப்பல்ல வந்து இறங்குச்சு. 1830 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நூத்துக்கும் மேல பயணிகளை ஏத்திக்கிட்டு ஓடுச்சு. அமெரிக்காவுல செஞ்ச நீராவி எஞ்சின் நேரம் குறிச்சுப் பயணிகளை ஏத்திக்கிட்டுப் போன சேவை இதுலதான் ஆரம்பம்.

ஆறே மாசம். 1831 ஜூன்ல பாய்லர் வெடிச்சது. சேஃப்டி வால்வுல இருந்து நீராவி 'உஸ்ஸ்'னு விடாம சத்தம் போட்டிருக்கு. தொல்லை தாங்காம, எஞ்சின்ல நெருப்பைக் கவனிச்சுக்கிற ஃபயர்மேன் அந்த வால்வை அழுத்தி மூடிட்டார்னு சொல்றாங்க. அழுத்தம் ஏறி ஏறி பாய்லரே பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. அந்த ஃபயர்மேன் ஒரு கறுப்பின அடிமை. காயத்துல இறந்துட்டார். நிறைய பேர் இதை 'முட்டாள்தனம்'னு ஒரே வார்த்தையில முடிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அன்னிக்கு அந்த நாட்டுல ரயில் எஞ்சினோட பழகினவங்களே விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

வெடிச்சதும் ஜனங்க பயந்துட்டாங்க. கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? எஞ்சினுக்கும் பயணிகள் பெட்டிக்கும் நடுவுல ஒரு திறந்த வண்டியைக் கோத்து, அது மேல பஞ்சுப் பொதிகளை அடுக்கிருச்சு! மறுபடி வெடிச்சா சிதறுற இரும்பையும் கொதிக்கிற தண்ணியையும் பஞ்சு தடுத்துக்கும். எந்தச் சரக்குக்காகப் பாதை போட்டாங்களோ, அதே சரக்கு கேடயமா முன்னாடி நிக்குது. எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இந்த இடம் அலுக்கிறதே இல்ல. உங்களுக்கு இது புதுசுன்னா கமென்ட்ல ஒரு வார்த்தை சொல்லுங்க.

பாதையும் விசித்திரம். மண்மேடு போடாம, பெரும்பாலும் தரையில மரக்கம்பங்களை அடிச்சு, அதுமேல மரச்சட்டம், சட்டத்து மேல மெல்லிசா இரும்புப் பட்டை. செலவு கம்மி, சீக்கிரம் முடியும், ஆனா அந்தப் பகுதியோட ஈரத்துல மரம் உளுத்துப் போயிடும். அதைவிடக் கொடுமை ரெண்டு முனையும். சார்ல்ஸ்டன்ல எஞ்சின் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு எல்லையிலயே நிறுத்திட்டாங்க. பருத்தி அங்க இறங்கி, வண்டி மாறித்தான் கப்பல் துறைக்குப் போகணும். ஹாம்பர்க் முனையில, ஆத்துக்கு அக்கரையில இருக்கிற அகஸ்டா ஊரு பாலம் வழியா ரயிலை விடவே மாட்டேன்னு 1850-கள் வரைக்கும் மறிச்சது.

இப்ப வடக்கைப் பாருங்க. 1825-ல திறந்த ஈரி கால்வாய், 363 மைல், நியூயார்க் மாநிலம் தன் கடன்ல வெட்டினது. கோவேறு கழுதையும் குதிரையும் இழுக்கிற படகுதான், வேகம் ஒண்ணும் கிடையாது. ஆனா பஃபலோவுல இருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு கொண்டுவர சுமார் 100 டாலர் ஆனது, 10 டாலர் அளவுக்கு இறங்குச்சு. முக்கியமா, படகு ரெண்டு பக்கமும் நிறைஞ்சு போச்சு. கோதுமை இந்தப் பக்கம் வந்தா, கலப்பை, துணி, அடுப்புன்னு அந்தப் பக்கம் போகும். ஏன்னா கரையோர விவசாயி கையில காசு இருந்துச்சு, வாங்கினான். இப்படி ரெண்டு பக்கமும் சரக்கு ஓடினதாலதான் ராச்செஸ்டர்ல மாவு மில்லு, சிராக்யூஸ்ல உப்பு, பஃபலோவுல கிடங்குன்னு ஊர் ஊரா வளர்ந்துச்சு.

தெற்குப் பாதையில பருத்தி கீழ வரும். திரும்பிப் போறப்ப ஏத்திக்கிட்டுப் போக என்ன இருக்கு? விளைவிச்சவங்களுக்குக் கூலியே கிடையாதே! 1790-ல சுமார் 7 லட்சம் பேர், 1860-ல கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளா இருந்த நாடு அது. அவங்க போட்டுக்கிட்ட முரட்டுத் துணி மாசசூசெட்ஸ் லோவெல் மாதிரி ஆலை ஊர்கள்ல நெசவாகி வந்தது. பஞ்சு போகும், துணி வரும், நடுவுல இருக்கிற லாபம் முழுக்க வடக்குலயே தங்கிரும். தெற்குப் பண்ணை முதலாளிகளோ வர்ற காசுல ஆலை கட்டாம, இன்னும் நிலமும் இன்னும் மனுஷங்களையும் வாங்கினாங்க. 1860-ல நாட்டோட 30,000 மைல் ரயில் பாதையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தெற்குல இருந்துச்சு. ஆனா ஆலைப் பொருள்ல பத்துல ஒரு பங்குதான். தண்டவாளம் போட்டா தொழில் தானா வந்துடும்னு இன்னிக்கும் பேசுறவங்க இந்தக் கணக்கைப் பார்க்கணும்.

கடைசியா, இதுக்காகவே இந்த வீடியோ பண்ணினேன். அந்த சார்ல்ஸ்டன் பாதைக்கு எஞ்சினியர் ஹொரேஷியோ ஆலன் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல வச்ச அகலம் 5 அடி. தெற்குல பெரும்பாலான பாதைகள் அதையே பின்பற்றுச்சு. வடக்குல அதிகமா இருந்தது 4 அடி எட்டரை அங்குலம், இல்லன்னா 4 அடி 9 அங்குலம். அதனால எல்லையில வண்டியோட சக்கரத் தொகுதியை மாத்தணும், இல்ல சரக்கை இறக்கி ஏத்தணும். வடக்கும் தெற்கும் மோதின உள்நாட்டுப் போர் முடிஞ்சு 20 வருஷத்துக்கு மேலயும் இதே கதை. 1886 மே 31, ஜூன் 1, ரெண்டே நாள். புது இடத்துல உள்பக்க ஆணிகளை முன்கூட்டியே அடிச்சு வச்சுட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க சுமார் 11,500 மைல் பாதையில ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பிடுங்கி, 3 அங்குலம் உள்ள தள்ளி அடிச்சு முடிச்சாங்க.